டொமைனில் சேராத கணினியும் ஷேர்டு ஃபோல்டரும்

டொமைனில் சேராத ஒரு லேப்டாப்பில் ஆபீஸ் சர்வரின் ஷேர்டு ஃபோல்டரைத் திறக்கப் பார்க்கிறார் ஒருவர். யூசர் நேமும் பாஸ்வேர்டும் கேட்டு ஒரு கட்டம் வருகிறது. காலையில் லேப்டாப்பைத் திறக்க அடித்த அதே பாஸ்வேர்டை அடிக்கிறார், ஏற்கவில்லை. இரண்டு மூன்று முறை அடித்துப் பார்த்துவிட்டு ஐ.டி. ஆளைக் கூப்பிடுகிறார். பாதி இடங்களில் அடுத்து நடப்பது ஒன்றுதான்: அந்த ஃபோல்டருக்கு ‘எவ்ரிஒன்’ என்று முழு அனுமதி, அதிலும் திறக்காவிட்டால் சர்வரில் கெஸ்ட் கணக்கு ஆன். ஃபோல்டர் திறந்துவிடும், புகார் மூடப்படும். அது தீர்வே அல்ல என்பதுதான் இந்த அத்தியாயத்தின் வாதம். கணினி டொமைனுக்கு வெளியே இருப்பது விண்டோஸ் சர்வருக்கு ஒரு பொருட்டே இல்லை. அது கேட்பது ஒரே கேள்வி: வந்திருக்கும் ஆள் யார்? அந்தக் கேள்விக்கு முழுப் பதிலைச் சொல்லப் பழகிவிட்டால் இந்த வகைப் புகார்களில் பெரும்பகுதி அதோடு முடிந்துவிடும். குறுக்குவழிகள் எல்லாமே கேள்வியைக் கேட்கவிடாமல் செய்யும் வழிகள். அவற்றை மைக்ரோசாஃப்டே கடந்த சில ஆண்டுகளாக ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டு வருகிறது என்பதால், இன்று திறக்கும் கதவு அடுத்த அப்டேட்டில் மூடிக்கொள்ளும்.

பெங்களூரின் எலெக்ட்ரானிக் சிட்டியை உதாரணமாக வைத்து இதைப் பேசக் காரணம் உண்டு. கர்நாடக அரசின் கியோனிக்ஸ் நிறுவனம், அதன் முதல் தலைவர் ஆர்.கே. பாலிகாவின் யோசனைப்படி, 1978இல் கோனப்பன அக்ரஹாரா, தொட்டதோகூர் கிராமங்களில் 332 ஏக்கரில் உருவாக்கிய தொழிற்பேட்டை இது. பெயருக்கு ஏற்றபடி எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலைகளுக்காகவே தொடங்கப்பட்டது. சாஃப்ட்வேர் கேம்பஸ்கள் பின்னால் வந்தவை. இன்றும் கண்ணாடிக் கட்டடங்களுக்குப் பின்தெருவில் சர்க்யூட் போர்டு அசெம்பிள் செய்கிற, டெஸ்ட் செய்கிற சின்ன யூனிட்டுகள் இருக்கின்றன. அப்படி நாற்பது கணினி உள்ள ஒரு யூனிட்டைக் கற்பனை செய்துகொள்வோம். அக்கவுண்ட்ஸ், பர்ச்சேஸ், டிசைன் ஆகிய பிரிவுகளின் கணினிகள் டொமைனில் இருக்கும். ஆனால் போர்டில் பாகங்களைப் பொருத்தும் பிக் அண்ட் பிளேஸ் மெஷினோடு வந்த கணினியில் கைவைக்கக்கூடாது என்று மெஷின் விற்ற கம்பெனி வாரண்டியிலேயே எழுதியிருக்கும். ஆப்டிகல் இன்ஸ்பெக்ஷன் மெஷினும் அப்படித்தான். கஸ்டமர் தரப்பில் வந்து உட்காரும் குவாலிட்டி இன்ஜினீயரின் லேப்டாப் அவருடைய கம்பெனி டொமைனில் இருக்கும். ஆடிட்டர் கொண்டுவருவது அவர் ஆபீஸ் லேப்டாப். ஓசூரிலிருந்து பஸ் ஏறி வரும் பயிற்சி மாணவரிடம் இருப்பது விண்டோஸ் ஹோம். அதை நினைத்தாலும் டொமைனில் சேர்க்க முடியாது, அந்த வசதியே அதில் கிடையாது. ஆக, எல்லாக் கணினியும் டொமைனில் இருக்கும் யூனிட் என்பது நெட்வொர்க் வரைபடத்தில் மட்டும்தான் உண்டு. வெளிக் கணினியை விதிவிலக்காக நினைத்து அவசரத்துக்கு ஒரு வழி செய்வதைவிட, அது தினமும் வரும் என்று எண்ணி முறையான வழி வைப்பதுதான் புத்திசாலித்தனம்.

முதலில் அந்தக் கட்டத்தில் உண்மையில் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடுவோம். டொமைனில் உள்ள கணினியில் ஒருவர் காலையில் லாகின் செய்தவுடனே டொமைன் கண்ட்ரோலர் அவருக்கு ஒரு கெர்பரோஸ் டிக்கெட் கொடுத்துவிடுகிறது. அதற்கப்புறம் எந்த ஷேரைத் திறந்தாலும் அந்த டிக்கெட் பின்னணியில் பேசிக்கொள்ளும். பாஸ்வேர்டு கேட்காமல் ஃபோல்டர் திறப்பதன் ரகசியம் அதுதான். வெளி லேப்டாப்பிடம் அப்படி டிக்கெட் இல்லை. அதனால் பெரும்பாலும் என்.டி.எல்.எம். என்ற பழைய முறையில் பேசுகிறது, அதுவும் உங்களைக் கேட்பதற்கு முன்பே, லேப்டாப்பில் லாகின் ஆகியிருக்கும் பெயரையும் அதன் பாஸ்வேர்டுக்கான மறுமொழியையும் தானாகவே அனுப்பிப் பார்க்கிறது. சர்வருக்கு அந்த லேப்டாப்பின் பெயர் தெரியாது; ஆகவே பெரும்பாலான நேரங்களில் அந்த யூசரைத் தன் உள்ளூர்ப் பட்டியலில் தேடும், இல்லை என்று திருப்பிவிடும். அதன் பிறகுதான் நம் கண்ணுக்குக் கட்டம் தெரிகிறது. அங்கேயும் வெறும் பெயரை மட்டும் அடித்தால் கதை மறுபடி முதலிலிருந்து தொடங்கும். டொமைன் பெயர், பின்சாய்வுக் கோடு, யூசர் பெயர் என்று மூன்றையும் சேர்த்து அடித்தால் சர்வர் தன் பட்டியலை விட்டுவிட்டு டொமைன் கண்ட்ரோலரிடம் விசாரிக்கும்.

இந்த இடத்தில் ஒரு சின்னக் குழப்பம் பல யூனிட்டுகளில் உண்டு. பழைய சர்வரில் வெறும் பெயரை அடித்தாலே திறந்தது, புதிய சர்வர் வாங்கியபின் திறக்கவில்லை, ஆகவே புதிய சர்வரில் கோளாறு என்பார்கள். கோளாறு எதுவுமில்லை. சின்ன இடங்களில் டொமைன் கண்ட்ரோலரே ஃபைல் சர்வராகவும் இருக்கும். அங்கே உள்ளூர்ப் பட்டியலும் டொமைன் பட்டியலும் ஒன்றேதான், அதனால் அரைகுறைப் பெயரும் செல்லுபடியானது. தனி ஃபைல் சர்வர் வந்ததும் அந்தச் சலுகை போய்விட்டது. அந்தச் சலுகைக்கு ஒரு விலையும் இருந்தது. லேப்டாப்பின் உள்ளூர்ப் பெயரும் டொமைன் பெயரும் ஒன்றாக, பாஸ்வேர்டு மட்டும் வேறாக இருந்தால், ஃபோல்டரைத் தொடும்போதெல்லாம் தவறான பாஸ்வேர்டு தானாகப் போய் அவருடைய டொமைன் கணக்கு லாக் ஆகிவிடும். அவர் ஒன்றுமே அடித்திருக்க மாட்டார். “நான் எதுவும் செய்யவில்லை” என்று யாராவது சொன்னால் நம்புங்கள். பல நேரம் அது உண்மை.

செய்முறைக்கு வருவோம். எக்ஸ்ப்ளோரரில் நெட்வொர்க் டிரைவை மேப் செய்யும்போது, வேறு யூசர் பெயரில் இணை என்ற தெரிவை டிக் செய்துவிட்டு முழுப் பெயரையும் அடிப்பது எளிய வழி. கமாண்ட் பிராம்ப்ட் பழகியவர்களுக்கு நெட் யூஸ் இருக்கிறது: டிரைவ் எழுத்து, ஷேரின் பாதை, பாஸ்வேர்டு இடத்தில் வெறும் நட்சத்திரக் குறி, பிறகு யூசர் என்ற ஸ்விட்சோடு டொமைனும் பெயரும். நட்சத்திரம் போட்டால் பாஸ்வேர்டைத் தனியாகக் கேட்கும். கமாண்டிலேயே அடித்தால் அது திரையில் பக்கத்து சீட்டுக்காரருக்கும் தெரியும், பேட்ச் ஃபைலில் எழுதினால் அந்த ஃபைலைத் திறக்கும் எல்லோருக்கும் தெரியும். சர்வரை ஐ.பி. எண்ணால் கூப்பிடாமல் முழு டி.என்.எஸ். பெயரால் கூப்பிடுங்கள். டொமைன் கண்ட்ரோலர் எட்டும் தூரத்தில் இருந்து, யூசர் பெயரையும் டொமைனோடு முழுமையாகக் கொடுத்தால், டொமைனில் சேராத விண்டோஸ்கூட கெர்பரோஸ் பேச முடியும். ஐ.பி. எண் கொடுத்த மாத்திரத்தில் அந்த வாய்ப்பு வழக்கமாகப் போய்விடுகிறது. தினமும் வருபவர் என்றால் விண்டோஸின் கிரெடென்ஷியல் மேனேஜரில் சர்வர் பெயரையும் டொமைன் கணக்கையும் ஒருமுறை சேமித்துக்கொள்ளலாம். லேப்டாப் அவருடையது மட்டும் என்றால் சேமிக்கலாம்; மூன்று ஷிஃப்டுக்கும் பொதுவான டெஸ்ட் பெஞ்ச் கணினி என்றால் வேண்டாம்.

திறக்காதபோது காரணத்தைத் தேடுவதற்கு ஒரு வரிசை உண்டு. அதை மாற்றித் தேடுவதால்தான் ஒரு மணி நேரம் வீணாகிறது. நெட் யூஸ் தரும் பிழை எண்ணை முதலில் படியுங்கள். 53 என்றால் சர்வரையே எட்டவில்லை என்று அர்த்தம். பாஸ்வேர்டைப் பற்றிப் பேச இன்னும் நேரம் வரவில்லை. விருந்தினர் வைஃபையில் இருக்கிறாரா, அங்கே ஆபீஸின் டி.என்.எஸ். தெரியுமா, ஷேர்களுக்கான 445ஆம் போர்ட் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். பவர்ஷெல்லின் டெஸ்ட்-நெட்கனெக்ஷன் அந்தப் போர்ட்டைப் பற்றி ஒரே வரியில் சொல்லிவிடும். 67 என்றால் பெரும்பாலும் ஷேரின் பெயரில் எழுத்துப் பிழை. 1326 என்றால்தான் பெயரோ பாஸ்வேர்டோ தவறு. 5 என்றால் ஆளைத் தெரிந்துகொண்டார்கள், அனுமதிதான் இல்லை. 1219 மட்டும் கொஞ்சம் விசித்திரமானது: ஒரே சர்வரோடு ஒரே லாகினில் இரண்டு வேறு பெயர்களில் பேச விண்டோஸ் விடாது. காலையில் தவறான பெயரில் திறந்த ஓர் இணைப்பு பின்னணியில் உயிரோடு இருந்தால், சரியான பெயரை எத்தனை முறை அடித்தாலும் இதே எண்தான் வரும். பழைய இணைப்புகளை நெட் யூஸ் வழியாகவே அழித்துவிட்டு மறுபடி முயலுங்கள்; ரீஸ்டார்ட் செய்ததும் சரியாகிவிட்டது என்று பலர் சொல்வதும் இதனால்தான்.

சர்வர் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இன்னும் தெளிவான சாட்சி செக்யூரிட்டி லாகில் கிடைக்கிறது. தோற்ற லாகின் ஒவ்வொன்றும் 4625 என்ற எண்ணில் பதிவாகும். அதில் சப் ஸ்டேட்டஸ் என்ற வரியின் கடைசி நான்கு எழுத்துகளைப் பாருங்கள். 0064 என்றால் அப்படி ஒரு யூசரே இல்லை, பெரும்பாலும் டொமைன் பெயரை விட்டுவிட்டிருப்பார். 006ஏ என்றால் பெயர் சரி, பாஸ்வேர்டு தவறு. 0071 என்றால் பாஸ்வேர்டு காலாவதி, 0072 என்றால் கணக்கு முடக்கப்பட்டிருக்கிறது, 0234 என்றால் லாக் ஆகியிருக்கிறது. 0070 என்பது நிர்வாகியே மறந்துபோன ஒரு கட்டுப்பாடு: அந்தக் கணக்கு இன்னின்ன கணினியிலிருந்து மட்டும்தான் லாகின் ஆகலாம் என்று எப்போதோ யாரோ குறித்துவைத்திருப்பார்கள், வெளி லேப்டாப் அந்தப் பட்டியலில் இருக்காது. டொமைன் கண்ட்ரோலரில் 4776 என்ற பதிவையும் சேர்த்துப் படித்தால் எந்தக் கணினியின் பெயரிலிருந்து முயற்சி வந்தது என்பதும் தெரிந்துவிடும். இவ்வளவு சாட்சி கையில் இருக்கும்போது ‘எதற்கும் எவ்ரிஒன் கொடுத்துப் பார்ப்போம்’ என்று தொடங்குவதற்கு நியாயமே இல்லை.

அனுமதி கொடுப்பதை எலெக்ட்ரானிக் சிட்டி கேம்பஸ்களின் கேட்டில் நடப்பதைப் போலவே வைத்துக்கொள்ளலாம். வெளியாளுக்கு அங்கே ஊழியர் அட்டையைக் கொடுப்பதில்லை. பெயரே கேட்காமல் உள்ளே விடுவதும் இல்லை. பெயர், எந்த பிளாக், என்று வரை என்று எழுதிய விசிட்டர் பாஸ் கொடுக்கிறார்கள். டொமைனில் அதற்குச் சமமானது வெளியாளுக்கென்று அவர் பெயரிலேயே ஒரு கணக்கு, அந்தக் கணக்கு ஒரே ஒரு குரூப்பில், அந்தக் குரூப்புக்கு ஒரே ஒரு ஃபோல்டரில் அனுமதி, ஒப்பந்தம் முடியும் நாளில் கணக்கும் தானாகக் காலாவதி. ஷேர் அனுமதி, ஃபோல்டர் மீதே வைக்கும் என்.டி.எஃப்.எஸ். அனுமதி இரண்டில் எது இறுக்கமானதோ அதுவே செல்லும் என்பதால், கட்டுப்பாட்டை என்.டி.எஃப்.எஸ். பக்கம் வைத்து, ஷேர் பக்கத்தில் எவ்ரிஒனுக்குப் பதிலாக ‘ஆத்தென்டிகேட்டட் யூசர்ஸ்’ என்று போட்டால் கணக்குப் பார்ப்பது எளிது. ஒன்று கவனிக்க வேண்டும்: புதிய கணக்கு தானாகவே ‘டொமைன் யூசர்ஸ்’ குரூப்பில் சேர்ந்துவிடும். அந்தக் குரூப்புக்கு நீங்கள் எங்கெல்லாம் அனுமதி கொடுத்திருக்கிறீர்களோ அங்கெல்லாம் ஆடிட்டரும் போக முடியும். பல யூனிட்டுகளில் சம்பளப் பட்டியல் அப்படித்தான் வெளியே தெரிகிறது.

இனி குறுக்குவழிகளைப் பற்றி. எவ்ரிஒன் கொடுத்தும் திறக்கவில்லையே என்று சிலர் வியப்பார்கள். அந்தக் குரூப்பில் கெஸ்ட் உண்டு, ஆனால் அடையாளமே இல்லாமல் வருபவர் அதில் சேர்த்தி இல்லை. ஆகவே கெஸ்ட் கணக்கும் ஆன் ஆனால்தான் கதவு திறக்கும். ஆனால் விண்டோஸ் 10இன் 1709 பதிப்பிலேயே, எண்டர்பிரைஸ், எஜுகேஷன் வகைகளில் கெஸ்டாகப் போவது இயல்பாக நிறுத்தப்பட்டது. விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பில் புரோ வகைக்கும் அது வந்துவிட்டது. அதே பதிப்பு, ஷேர்களைத் திறக்கப் பயன்படும் எஸ்.எம்.பி. நெறிமுறையில் செய்திகளுக்குக் கையொப்பமிடும் சைனிங்கையும் கட்டாயமாக்கியிருக்கிறது. சைனிங்குக்கு ஒரு ரகசியச் சாவி வேண்டும், சாவி பாஸ்வேர்டிலிருந்து வருகிறது, கெஸ்டுக்குப் பாஸ்வேர்டே இல்லை. ஆக கெஸ்ட் வழி அடைபட்டது கொள்கையால் மட்டுமல்ல, கட்டமைப்பாலும்தான். புதிய லேப்டாப் வாங்கியதும் பழைய நெட்வொர்க் டிஸ்க் திறக்கவில்லை என்று வரும் புகார்களுக்குப் பின்னால் பல நேரம் இதுதான் இருக்கும். அதைச் சரிசெய்ய லேப்டாப்பில் சைனிங்கை அணைக்கச் சொல்வது வழக்கமாகிவிட்டது. அதற்குப் பதில் டிஸ்க்கில் ஒரு யூசரை உருவாக்குங்கள். அதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது.

இன்னொரு குறுக்குவழி, வெளியாட்கள் எல்லோருக்கும் ‘வெண்டர்’ என்று ஒரே கணக்கு. இது பார்வைக்கு ஒழுங்காக இருப்பதால் இன்னும் மோசமானது. மின்னணுத் தாக்குதல் நடந்தால் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும், லாகுகளை 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும் என்று இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான ‘செர்ட்-இன்’ (CERT-In) 2022 ஏப்ரல் 28 அன்று உத்தரவிட்டது. அது கம்பெனிகளுக்கும் பொருந்தும். கஸ்டமரின் டிசைன் ஃபைல் அழிந்துபோய், லாகைத் திறந்தால் 180 நாட்களும் ‘வெண்டர்’ என்ற ஒரே பெயர் இருந்தால், அந்த லாக் எதற்கு? ஒருவர் வேலையை விட்டுப் போனதும் பாஸ்வேர்டை மாற்ற வேண்டும்; மாற்றினால் மற்ற ஆறு பேருக்கும் சொல்ல வேண்டும்; அந்தச் சங்கடத்தாலேயே யாரும் மாற்றுவதில்லை. ஆளுக்கொரு கணக்கு என்றால் லைசென்ஸ் செலவாகுமே என்பது இதற்குச் சொல்லப்படும் நியாயம். விண்டோஸ் சர்வரைத் தொடும் ஒவ்வொரு ஆளுக்கோ கணினிக்கோ ஒரு கிளையன்ட் அக்சஸ் லைசென்ஸ் வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் எண்ணப்படுவது ஆட்கள் அல்லது கணினிகள், கணக்குகள் அல்ல. ஏழு பேர் ஒரு கணக்கைப் பகிர்ந்தாலும் அவர்கள் ஏழு பேர்தான். பொதுக் கணக்கால் ஒரு ரூபாய்கூட மிச்சமாவதில்லை.

சின்ன யூனிட்டில் இதற்கெல்லாம் யாருக்கு நேரம் என்பது அடுத்த ஆட்சேபம். நியாயமான கேள்வி, ஐ.டி. ஆள் ஒருவரே பிரிண்டரையும் சி.சி.டி.வி.யையும் பார்த்துக்கொள்ளும் இடங்கள் அதிகம். ஆனால் கணக்கு உருவாக்குவது ஒருமுறை வேலை. எல்லாவற்றையும் கூகுள் டிரைவிலோ ஒன்டிரைவிலோ போட்டுவிடலாமே என்றும் கேட்கலாம். ஆடிட்டருக்குக் கொடுக்கும் எக்செல் ஃபைல்களுக்கு அது நல்ல யோசனை, நானும் அதையே சொல்வேன். லைனில் நாள் முழுவதும் கொட்டும் டெஸ்ட் லாகுகளுக்கும், இன்டர்நெட்டே கொடுக்கப்படாத மெஷின் கணினிக்கும், டிசைன் ஃபைல்கள் வெளியே போகக்கூடாது என்று கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்துக்கும் அது உதவாது.

உண்மையிலேயே கடினமான ஆட்சேபம் ஒன்றுதான்: ஷாப் ஃப்ளோரின் பழைய மெஷின். அதோடு வந்த கணினியில் ஓடுவது விண்டோஸ் எக்ஸ்.பி. அதற்கு 2014 ஏப்ரல் 8 அன்றே மைக்ரோசாஃப்டின் ஆதரவு முடிந்தது, மெஷின் மட்டும் இன்னும் பத்து வருடம் ஓடும். எக்ஸ்.பி.க்கு எஸ்.எம்.பி.யின் முதல் பதிப்பைத் தவிர வேறு தெரியாது. ஆகவே ஃபைல் சர்வரில் அந்த முதல் பதிப்பை ஆன் செய்துவிடுவார்கள். ஒரு மெஷினுக்காக நாற்பது கணினிக்கும் பொதுவான சர்வரின் பூட்டைக் கழற்றும் வேலை இது. அதன் விளைவு 2017 மே 12 அன்று உலகத்துக்கே தெரிந்தது. வன்னாகிரை என்ற ரேன்சம்வேர் அந்தப் பதிப்பிலிருந்த ஓட்டை வழியாகவே கணினியிலிருந்து கணினிக்குப் பரவியது. ஓட்டையை அடைக்கும் பேட்ச் அதற்கு இரண்டு மாதம் முன்பே, மார்ச்சில், வந்திருந்தது. ஆந்திர போலீஸ் கணினிகளிலும் கேரளத்துப் பஞ்சாயத்து அலுவலகங்களிலும் அது புகுந்தது. தொழிற்சாலைக்காரர்கள் அதைவிட முக்கியமாகப் படிக்க வேண்டியது 2018 ஆகஸ்டில் தைவானின் டி.எஸ்.எம்.சி. சிப் ஆலைகளில் நடந்தது. புதிதாக வந்த ஒரு மெஷினை வைரஸ் சோதனை செய்யாமலே நெட்வொர்க்கில் இணைத்தார்கள். வன்னாகிரையின் ஒரு வகை பரவி ஆலைகள் நின்றன. அந்தக் காலாண்டு வருமானத்தில் சுமார் 3 சதவீதம் பாதிக்கப்படும் என்று நிறுவனமே அறிவித்தது. உலகின் மிகக் கவனமான தொழிற்சாலைகளில் ஒன்றில், வெளியிலிருந்து வந்த, டொமைன் ஆட்களின் கைபடாத ஒரு மெஷினால் நடந்தது அது.

பழைய மெஷினைத் தூக்கிப்போடச் சொல்லவில்லை. அதற்கும் ஃபைல் சர்வருக்கும் நடுவில் ஒரு சின்ன லினக்ஸ் கணினியை வையுங்கள், இரண்டு நெட்வொர்க் கார்டோடு. கான்பெராவில் ஆண்ட்ரூ டிரிட்ஜெல் 1992இல் தொடங்கிய சாம்பா என்ற ஃபைல் பகிர்வு மென்பொருள் அதில் ஓடட்டும். மெஷின் பக்கத்து கார்டில் மட்டும் பழைய பதிப்பைப் பேச விடுங்கள். மெஷின் தன் புரோகிராம்களை அங்கிருந்து எடுக்கட்டும், லாகுகளை அங்கே போடட்டும். ஃபைல் சர்வர் பக்கத்தில் அந்த லினக்ஸ் கணினி மூன்றாம் பதிப்பில், தனக்கென்று உள்ள கணக்கில், குறித்த நேரத்துக்கு ஒருமுறை ஃபைல்களை நகர்த்தட்டும். இரண்டு கார்டுக்கும் நடுவே போக்குவரத்தைக் கடத்தும் வசதியை அணைத்துவிடுங்கள். இது முக்கியம், இதை மறந்தால் மற்றதெல்லாம் வீண். டெல்லி எய்ம்ஸில் 2022 நவம்பரில் சைபர் தாக்குதலால் சர்வர்கள் முடங்கியதற்கு நெட்வொர்க் முறையாகப் பிரிக்கப்படாததே காரணம் என்று அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது. செலவாகும் என்று யாராவது தயங்கினால் அதை எடுத்துக்காட்டுங்கள்; பழைய டெஸ்க்டாப் ஒன்றும் கூடுதல் கார்டு ஒன்றும் போதும்.

மேக்கிலும் லினக்ஸிலும் சிக்கல் குறைவு. மேக்கில் ஃபைண்டரின் சர்வரோடு இணைக்கும் கட்டத்தில் பாதையைக் கொடுத்து, பெயர் கேட்கும்போது டொமைனையும் சேர்த்து அடித்தால் போதும். லினக்ஸில் மவுண்ட் செய்யும்போது பெயர், பாஸ்வேர்டு, டொமைன் மூன்றையும் தனி ஃபைலில் எழுதி, அந்த ஃபைலை ரூட் மட்டும் படிக்கும்படி அனுமதியைக் குறைத்துவிடுங்கள். வீட்டிலிருந்து வேலை செய்பவருக்கு வி.பி.என். வழியாக மட்டுமே. ரவுட்டரில் 445ஆம் போர்ட்டை இன்டர்நெட்டுக்குத் திறந்துவிடச் சொல்லி எவ்வளவு பெரிய ஆள் கேட்டாலும் மறுத்துவிடுங்கள். அதைப் பற்றி வாதாடக்கூட வேண்டியதில்லை.

வெளியாளின் லேப்டாப்பில் ஃபோல்டர் திறக்கவில்லை என்றதும், ‘கொடுங்கள், நான் பார்க்கிறேன்’ என்று டொமைன் அட்மின் பாஸ்வேர்டை அதில் அடித்துப் பார்க்கும் பழக்கம் நிர்வாகிகளிடம் இருக்கிறது. அந்த லேப்டாப்பில் என்ன ஓடுகிறது என்று நமக்குத் தெரியாது. கீ அடிப்பதைப் பதிவு செய்யும் ஒரு புரோகிராம் போதும், முழு டொமைனும் போய்விடும். சோதிக்க வேண்டும் என்றால் அதே ஒரு ஃபோல்டருக்கு மட்டும் அனுமதியுள்ள ஒரு சோதனைக் கணக்கை வைத்துக்கொள்ளுங்கள். அட்மின் கணக்குகளை ‘புரொடெக்டட் யூசர்ஸ்’ குரூப்பில் சேர்த்துவிட்டால் அவை என்.டி.எல்.எம். வழியாகப் போகவே முடியாது, சபலத்துக்கும் இடமிருக்காது.

அந்த என்.டி.எல்.எம்.மே இனி நெடுநாள் இருக்கப்போவதில்லை. அதை விண்டோஸிலிருந்து படிப்படியாக விலக்கும் திட்டத்தை மைக்ரோசாஃப்ட் 2023 அக்டோபரில் அறிவித்தது. என்.டி.எல்.எம்.மின் முதல் பதிப்பு விண்டோஸ் 11இன் 24எச்2இலும் சர்வர் 2025இலும் நீக்கப்பட்டுவிட்டது. உங்கள் வெளிக் கணினிகளில் எத்தனை இன்னும் அதை நம்பியிருக்கின்றன என்று ஊகிக்க வேண்டாம். டொமைன் கண்ட்ரோலரில் என்.டி.எல்.எம். தணிக்கையை இந்த வாரமே ஆன் செய்யுங்கள். ஒரு மாதம் கழித்து அந்தப் பதிவுகளை எடுத்து, கணினிப் பெயர், யூசர் பெயர், எந்த ஷேர், யார் பொறுப்பு என்று ஒரு தாளில் எழுதிவையுங்கள். அடுத்த சர்வர் வாங்கும் கோப்பில் கையெழுத்துப் போடுவதற்கு முன் அந்தத் தாள் உங்கள் கையில் இருக்க வேண்டும்.